சந்தன நிறப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி

சித்தப்பாவின் செக்கு எண்ணெய்க் கடைக்கு வலைத்தளம் போட்டுக் கொடுத்தது நான்தான். மரச்செக்கு ஞாபகம் வர வேண்டும் என்று அவர் கேட்டதால் பக்கம் முழுக்க வெளிர் சந்தன நிறம், எழுத்து அடர் பழுப்பு. அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் கடைக்கு வழி காட்டும் வரைபடம், ஆர்டர் எடுக்கும் படிவம், செக்கு ஓடும் வீடியோ என்று மூன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினேன். பக்கத்தின் முகமே மாறிவிட்டது. அதிலும் அந்தப் படிவம், பளீரென்ற வெள்ளைப் பெட்டியாக நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

"காவி வேட்டியில சுண்ணாம்பு கொட்டின மாதிரி இருக்கேப்பா. அதுக்கும் இதே கலரை அடிச்சிர முடியாதா?" என்றார் சித்தப்பா.

முடியும் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். வெளியார் செய்த ஒரு துண்டை நம் பக்கத்துக்குள் வைப்பதை எம்பெட் செய்வது என்கிறோம். அந்தத் துண்டின் பின்னணியை நம் பக்கத்தோடு பொருத்துவது நிறம் தேர்ந்தெடுக்கிற வேலையாகத்தான் வெளியே தெரியும். உள்ளே போனால் கேள்வி வேறு: அந்தத் துண்டுக்கும் நம் பக்கத்துக்கும் நடுவில் எந்த மாதிரிச் சுவர் இருக்கிறது, அதை எழுப்பியது யார், எதற்காக எழுப்பினார்கள்? சுவரைத் தெரிந்துகொள்ளாமல் பெயின்ட் டப்பாவோடு போனால் பாதி நாள் வீண். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

வெள்ளையை அடித்தது யார்?

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் சில குணங்கள், வெளியே இருக்கும் பெட்டியான பெற்றோரிடமிருந்து உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தானாக இறங்கும். எழுத்தின் நிறமும் எழுத்துருவும் அப்படித்தான். பக்கத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதும், உள்ளே இருக்கும் பத்திகள் எடுத்துக்கொள்ளும். பின்னணி அப்படி இறங்காது. ஒவ்வொரு பெட்டியின் பின்னணியும் பிறக்கும்போதே 'டிரான்ஸ்பரன்ட்', அதாவது ஒளி ஊடுருவும் நிலையில் இருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் பக்கத்தின் சந்தன நிறம் தெரிவது, பெட்டி அந்த நிறத்தை வாங்கிக்கொண்டதால் அல்ல. பெட்டி கண்ணாடித் தாளாக இருப்பதால், அடியில் இருப்பது மேலே தெரிகிறது.

இப்படி வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. மேலிருந்து கீழே மங்கிக்கொண்டே போகும் நிறச்சாய்வு ஒன்றைப் பக்கத்துக்குக் கொடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது பரம்பரையாக இறங்கினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் அந்தச் சாய்வைத் தன் தலையிலிருந்து மறுபடி தொடங்கும். பக்கம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். பாதி ஒளி புகும் நிறமாக இருந்தால் இன்னும் மோசம், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து உள்ளே போகப் போகக் கறுத்துக்கொண்டே போகும். பின்னணிக்கு 'இன்ஹெரிட்', அதாவது பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொள் என்று எழுதினால் பொருந்திவிடும் என்று பலர் நம்புவது இந்த இடத்தில்தான் காலை வாரும். ஒரே சீரான நிறமாக இருந்தால் மட்டும் அது பிழைக்கும். 'டிரான்ஸ்பரன்ட்' என்று விட்டுவிடுவதே நல்லது.

ஆக, வெள்ளை தெரிகிறது என்றால் யாரோ அதை அடித்திருக்கிறார்கள். ஒன்று, அந்தத் துண்டைச் செய்தவர் தன் சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருப்பார். இல்லையென்றால் உலாவியே அடித்திருக்கும். இந்த இரண்டாவது ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் உலாவி ஒரு தளம் விரிக்கிறது. கேன்வாஸ் என்று அதற்குப் பெயர். பக்கம் முழுவதையும் அடக்கும் வேர் உறுப்புக்குப் பின்னணி சொல்லாமல், அதற்குள் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் வைத்திருக்கும் பாடி உறுப்புக்கு மட்டும் சொல்லியிருந்தால், உலாவி அந்தப் பாடியின் நிறத்தை எடுத்துக் கேன்வாஸ் முழுக்கப் பூசிவிடும். பாடி சின்னதாக இருந்தாலும் திரை முழுவதும் நிறம் பரவுவது இதனால்தான். இருவருக்குமே சொல்லவில்லை என்றால் இன்று நமக்குக் கிடைப்பது வெள்ளை. அதுவும் என்றென்றைக்கும் இருந்த வழக்கமல்ல. மொசைக், பழைய நெட்ஸ்கேப் என்ற ஆரம்ப கால உலாவிகளின் காலத்தில் வலைப்பக்கம் என்றாலே சிமென்ட் மாதிரி ஒரு சாம்பல் நிறம்தான். 1995இல் வந்த நெட்ஸ்கேப் 1.1 பதிப்பில்தான் பக்கத்துக்குப் பின்னணி நிறமும் படமும் வைக்க வழி பிறந்தது. அடுத்த சில வருடங்களில் மக்கள் என்னவெல்லாம் வைத்தார்கள் என்பதை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். மினுமினுக்கும் நட்சத்திரங்கள், அதன் மேல் மஞ்சள் எழுத்து.

மூன்று விதமான சுவர்

எம்பெட்டில் முதல் வகைக்குச் சுவரே கிடையாது. சேவை தருபவர் ஒரு வரி ஸ்கிரிப்ட் கொடுப்பார். அது நம் பக்கத்தில் ஓடி, தன் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தைக் கட்டும் குறியீட்டை, நம் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே கொட்டும். ஒரே முற்றத்தில் நாலு குடித்தனம் இருக்கிற வீடு மாதிரி. நம் விதிகள் அதற்கும் செல்லும், பின்னணியைப் பொருத்துவது இரண்டு நிமிட வேலை. ஆனால் கசிவு இரண்டு பக்கமும் நடக்கும். நம் பொத்தான்களுக்கு எழுதிய விதி அவர்கள் பொத்தானைப் பெரிதாக்கும், அவர்கள் 'டைட்டில்' என்று வைத்த பெயர் நம் தலைப்பைக் கெடுக்கும். இதற்குப் பயந்து அவர்கள் வரிக்கு வரி, மற்ற விதிகளை மீறி இதுவே செல்லும் என்று சொல்லும் 'இம்பார்ட்டன்ட்' முத்திரை குத்துவார்கள். விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதிக்குத் தேர்வி என்று பெயர்; நாம் அவர்களுடையதைவிடக் குறிப்பான தேர்வியைப் போட்டு, அதற்கும் ஒரு 'இம்பார்ட்டன்ட்' குத்துவோம். குழாயடிச் சண்டைதான். ஒரே ஆறுதல், அவர்கள் உறுப்பின் மேலேயே நேராக எழுதிய ஸ்டைலைக்கூட நம்முடைய 'இம்பார்ட்டன்ட்' ஜெயித்துவிடும், அவர்களும் அங்கே முத்திரை குத்தாத வரைக்கும்.

இரண்டாவது வகையில் சுவர் என்பதைவிடத் திரைச்சீலை என்று சொல்லலாம். ஷேடோ டாம் என்று பெயர். 2011இல் கூகுளின் அலெக்ஸ் ரஸ்ஸல், வெப் காம்போனென்ட் என்ற, எங்கே வேண்டுமானாலும் எடுத்து வைக்கக்கூடிய தனி உறுப்புகளைச் செய்யும் யோசனையை மேடையில் வைத்தபோது அதன் முக்கியமான உறுப்புகளில் இதுவும் ஒன்று. உலாவிகள் இதே உத்தியைத் தங்களுக்குள் முன்பே பயன்படுத்தின. வீடியோ பெட்டியில் தெரியும் ஓட்டு, நிறுத்து பொத்தான்கள் எல்லாம் இப்படித் திரைக்குப் பின்னால் இருப்பவைதான். இன்றைய வடிவம் 2016இல் குரோம் 53, சஃபாரி 10 ஆகியவற்றிலும் 2018இல் ஃபயர்ஃபாக்ஸ் 63இலும் வந்தது. எட்ஜ் உலாவி 2020 ஜனவரியில் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியபோது அதிலும் வந்துவிட்டது.

ஷேடோ டாமுக்குள் இருக்கும் பெட்டியை வெளியே எழுதிய தேர்வியால் பிடிக்க முடியாது. ஆனால் பரம்பரையாக இறங்கும் குணங்கள் திரையைத் தாண்டி உள்ளே போகும். இரண்டு சிறு கோடுகளோடு பெயர் தொடங்கும் கஸ்டம் ப்ராப்பர்ட்டிகளும் அப்படி இறங்குபவை என்பதுதான் இங்கே நமக்குக் கிடைத்த ஜன்னல். காம்போனென்டைச் செய்தவர் தன் அட்டையின் பின்னணியை 'இந்தப் பெயரில் வெளியிலிருந்து ஒரு நிறம் வந்தால் அது, வராவிட்டால் வெள்ளை' என்று எழுதி வைத்திருந்தால் போதும். நாம் பக்கத்தின் வேரில் அந்தப் பெயருக்குச் சந்தன நிறத்தைக் கொடுத்தால் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். 'பார்ட்' என்று சில உறுப்புகளுக்கு வெளிப்பெயர் வைத்து, அவற்றை மட்டும் வெளியார் தொட அனுமதிக்கும் வழியும் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. காம்போனென்ட் தன் வெளி உறைக்கு உள்ளிருந்து எழுதிக்கொண்ட விதியை, பக்கத்திலிருந்து அதே உறைக்கு நாம் எழுதும் சாதாரண விதி வென்றுவிடும். அதனால் முதலில் உறைக்கே நிறம் கொடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பெட்டிகள் கண்ணாடியாக இருந்தால் அதோடு வேலை முடிந்தது. உள்ளே ஒரு வெள்ளை அட்டை இருந்து, செய்தவர் ஜன்னலும் வைக்கவில்லை என்றால், அவருக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு மரியாதையான வழி கிடையாது.

மூன்றாவது ஐஃப்ரேம். இது காம்பவுண்டு சுவர், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது. 1996இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 கொண்டுவந்தது, 1997 டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 தரத்தில் சேர்ந்தது. ஐஃப்ரேமுக்குள் இருப்பது நம் பக்கத்தின் பகுதியே இல்லை. அது தனி ஆவணம். அதற்குத் தனி வேர், தனி பாடி, தனி கேன்வாஸ். நம் கஸ்டம் ப்ராப்பர்ட்டிகூட அங்கே இறங்காது. உள்ளே இருப்பது நம் தளத்திலிருந்தே வந்த பக்கம் என்றால் ஸ்கிரிப்ட் வழியாக உள்ளே கை நுழைத்து மாற்றலாம். நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண் மூன்றில் ஒன்று மாறினாலும் உலாவி கையைத் தட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த 1990களின் நடுவிலேயே இந்தக் கட்டுப்பாடும் பிறந்துவிட்டது. இது இல்லாவிட்டால், ஏதோ ஒரு பக்கம் உங்கள் வங்கியை ஐஃப்ரேமில் திறந்து இருப்பை வாசித்துவிடும். என் படிவத்துக்குச் சந்தன நிறம் அடிக்க முடியாமல் போனதும் என் வங்கிக் கணக்கு பத்திரமாக இருப்பதும் ஒரே விதியால்தான் என்பது பிற்பாடு புரிந்தபோது கோபம் கொஞ்சம் குறைந்தது.

இருட்டில் முளைக்கும் வெள்ளை

ஐஃப்ரேமின் நிறத்தைத் தொட முடியாது, சரி. அதைக் கண்ணாடியாகவாவது விட முடியுமா? ஒரு காலத்தில் அதற்கே தனி அனுமதி வேண்டியிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஐஃப்ரேமின் அடித்தளம் வெள்ளை, ஊடுருவ விட வேண்டுமென்றால் 'அலவ்டிரான்ஸ்பரன்சி' என்ற பண்பை எழுத வேண்டும். பழைய எம்பெட் குறியீடுகளில் இன்றும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்போதைய உலாவிகளில் அதற்கு வேலை இல்லை. உள்ளே இருக்கும் ஆவணம் தனக்குப் பின்னணி சொல்லிக்கொள்ளாவிட்டால் ஐஃப்ரேம் தானாகவே கண்ணாடிதான்.

அப்படியானால் ஒரு விசித்திரம் எப்படி நடக்கிறது? பகல் தோற்றத்தில் அழகாகப் பொருந்தியிருந்த ஒரு எம்பெட், பக்கத்துக்கு டார்க் மோட் வைத்தவுடன் வெள்ளைக் கட்டமாக மாறிவிடும். குறியீட்டைத் துருவித் துருவிப் பார்த்தாலும் உள்ளே யாரும் வெள்ளை என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் அந்த இரண்டாவது ஆள் மாட்டுகிறார். டார்க் மோட் 2018இல் மேக் ஓஎஸ் மொஹாவேயோடு பரவலானது. பயனர் எதை விரும்புகிறார் என்று கேட்கும் வசதி 2019இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் என்று வரிசையாக வந்தது. அதையொட்டி 'கலர்-ஸ்கீம்' என்ற குணமும் ஒவ்வொரு உலாவியாக வந்தது. பக்கம் தன்னை டார்க் என்று அதில் அறிவித்தால், உருள்பட்டை, படிவக் கட்டங்கள், கேன்வாஸ் எல்லாவற்றையும் உலாவி இருட்டாக்கிக் கொடுக்கும். ஐஃப்ரேமைப் பற்றி அங்கே ஒரு விதி இருக்கிறது. வெளியே ஐஃப்ரேம் உறுப்பின் ஸ்கீமும் உள்ளே ஆவணத்தின் ஸ்கீமும் ஒன்றாக இருந்தால் ஐஃப்ரேம் கண்ணாடியாக இருக்கும். வேறு வேறாக இருந்தால், உள்ளே இருக்கும் ஆவணத்தின் ஸ்கீமுக்கு ஏற்ற நிறத்தில் ஒளி புகாத தளம் ஒன்றை உலாவி அடியில் விரித்துவிடும். எதையும் அறிவிக்காத பழைய ஆவணத்தை உலாவி லைட் என்றே எடுத்துக்கொள்ளும். வெளியே டார்க், உள்ளே லைட். விளைவு, யாரும் எழுதாத வெள்ளை.

முதலில் இது உலாவியின் அடாவடி என்றுதான் எனக்கும் தோன்றியது. யோசித்தால் நியாயம் அதன் பக்கம்தான். உள்ளே இருக்கும் பழைய ஆவணத்தின் எழுத்து கறுப்பு. அதை இருட்டுப் பக்கத்தின் மேல் கண்ணாடியாக வைத்தால் கறுப்பின் மேல் கறுப்பு, ஒரு எழுத்தும் தெரியாது. அழகு கெட்டாலும் வாசிக்க முடியட்டும் என்று உலாவி முடிவு செய்கிறது.

உள்ளே இருக்கும் ஆவணம் நம் கையில் இருந்தால் அதன் தலைப்பகுதியில் 'நான் லைட், டார்க் இரண்டையும் தாங்குவேன்' என்று ஒரு மெட்டா குறிப்பு எழுதி, எழுத்து நிறங்களையும் அதற்கேற்ப மாற்றிவிட வேண்டும். நம் கையில் இல்லையென்றால், வெளியே ஐஃப்ரேம் உறுப்புக்கு மட்டும் கலர்-ஸ்கீமை லைட் என்று சொல்லலாம். இரண்டும் பொருந்திவிட்டதால் தளம் மறையும். உள்ளே இருப்பது தனக்கென நிறமுள்ள, முனை வளைந்த அட்டையாக இருந்து, அதன் நாலு மூலையிலும் மட்டும் வெள்ளை முக்கோணம் எட்டிப் பார்க்கிற வழக்கமான தொல்லைக்கு இந்த ஒற்றை வரி நல்ல மருந்து. வெறும் கறுப்பு எழுத்து மட்டும் உள்ள துண்டுக்கு இதைச் செய்தால் எழுத்தே காணாமல் போகும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பல தளங்களில் சூரியன், நிலா படம் போட்ட பொத்தான் இருக்கும். பயனர் அதை அமுக்கினால் பக்கம் இருட்டாகும். ஆனால் 'ஆட்டோ' என்று விடப்பட்ட எம்பெட் பெரும்பாலும் அந்தப் பொத்தானைப் பார்ப்பதில்லை. போனின் அமைப்பைத்தான் பார்க்கிறது. போன் பகலில், பக்கம் இரவில் என்று ஆளுக்கொரு நேரத்தில் இருப்பார்கள். இதைச் சரிசெய்ய, பொத்தான் அமுங்கும்போது ஐஃப்ரேமுக்குப் 'போஸ்ட்மெசேஜ்' வழியாகத் தகவல் சொல்ல வேண்டும், அதைக் கேட்கும் காது உள்ளேயும் இருக்க வேண்டும். பக்கத்தில் கருத்துப் பெட்டி வைக்கும் திறந்த மூலத் திட்டமான கிஸ்கஸ் இப்படித் தோற்றத்தை மாற்றிக்கொள்ளச் செய்தி அனுப்பும் வழியைத் தருகிறது. நாமே இரண்டு பக்கமும் எழுதுவதாக இருந்தால், செய்தி எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சரிபார்க்காமல் உள்ளே எதையும் மாற்றக் கூடாது. சுவரில் துளை போடுகிறோம், அதில் யார் வேண்டுமானாலும் கை விடலாம்.

தருபவர்கள் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்?

ஃபேஸ்புக் 2010 ஏப்ரலில் லைக் பொத்தானை வெளித்தளங்களுக்குக் கொடுத்தபோது நிறத்தில் கிடைத்த சுதந்திரம் இரண்டே சொல்: லைட், டார்க். ட்விட்டர் எம்பெட்டும் அதே இரண்டு. வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கூகுளின் ரீகேப்ட்சா பெட்டியும் அதே இரண்டு. அதே சோதனையைச் செய்யும் கிளவுட்ஃப்ளேரின் டர்ன்ஸ்டைல் கூடுதலாக ஆட்டோ என்று ஒன்று வைத்திருக்கிறது. உலகத்தில் உள்ள பக்கங்கள் எல்லாம் வெள்ளை அல்லது கறுப்பு என்ற நினைப்பு. சந்தனம், வெளிர் நீலம், பழைய காகித நிறம் வைத்தவர்கள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

சோம்பல் ஒரு காரணம், தன் முத்திரை எங்கே போனாலும் அதே முகத்தோடு தெரிய வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது. 2008இல் ராபர்ட் ஹான்சன், ஜெரமையா கிராஸ்மன் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் கிளிக்ஜாக்கிங் என்று ஒரு தாக்குதலுக்குப் பெயர் வைத்தார்கள். தாக்குபவர் தன் பக்கத்தில் 'பரிசு பெற இங்கே அமுக்கவும்' என்று ஒரு பொத்தான் வைக்கிறார். அதன் மேல், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் ஏதோ ஒரு தளத்தை முழுக்க ஊடுருவும் ஐஃப்ரேமாகப் பரப்புகிறார். கண்ணுக்குத் தெரிவது பரிசு, விரல் படுவது உங்கள் கணக்கின் மேல். தன்னை ஐஃப்ரேமுக்குள் வைக்கவே கூடாது என்று ஒரு தளம் சொல்லிக்கொள்ளும் வசதி 2009இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8இல் வந்து, பிறகு எல்லா உலாவிக்கும் பரவியது. நாம் பொருத்தம் என்று ஆசைப்படும் அதே கண்ணாடித்தன்மை திருடனுக்கும் கருவி. பணம் தொடர்பான பெட்டிகள் தங்கள் உருவத்தை எளிதில் விட்டுக்கொடுக்காமல் இருப்பதில் வியப்பில்லை.

அதற்காக எல்லோரும் கதவைச் சாத்தவில்லை. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் கட்டணப் பெட்டி ஐஃப்ரேமுக்குள்தான் இருக்கிறது. அட்டை எண் கடைக்காரரின் பக்கத்தைத் தொடவே கூடாது என்பதால் அது கட்டாயம். ஆனாலும் பின்னணி நிறம், எழுத்து நிறம், முதன்மை நிறம், முனை வளைவு என்று மாறிகளின் பட்டியல் ஒன்றைத் தருகிறார்கள். நாம் நிரப்பிக் கொடுத்தால் உள்ளே அவர்கள் பூசிக்கொள்கிறார்கள். சுவரை இடிக்காமல் பெயின்ட் டப்பாவை மேலே தூக்கிக் கொடுக்கிற ஏற்பாடு. நான் பார்த்தவற்றில் இதுதான் சரியான வடிவம்.

கருத்துப் பெட்டி தரும் டிஸ்கஸ் சேவை பிடித்த வழி வேடிக்கையானது. அது நம் பக்கத்தின் எழுத்து நிறத்தைப் பார்க்கும். எழுத்து வெளிர் என்றால் பின்னணி இருட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து டார்க் தோற்றத்தை எடுத்துக்கொள்ளும். நெருப்பைப் பார்க்காமல் புகையைப் பார்த்துச் சொல்வது போல. பெரும்பாலும் சரியாக இருக்கும். இருட்டுப் பக்கத்தின் நடுவே வெள்ளை அட்டை வைத்து, அதற்குள் அதை எம்பெட் செய்தவர்களுக்குத்தான் தலைவலி.

எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பின்னணியை மட்டும் மாற்றிவிட்டு எழுத்தை மறந்துவிடுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமான தவறு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது 2008இல் வந்த அணுகல்தன்மை வழிகாட்டி. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் எழுத்து 4.54 வாங்கி மயிரிழையில் தேறும். அதனாலேயே வடிவமைப்பாளர்களுக்கு அந்த நிறத்தின் மேல் ஒரு பிரியம். அதே எழுத்தை என் சந்தன நிறத்தின் மேல், அதாவது சிவப்பு 251, பச்சை 243, நீலம் 228 மேல் வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 4.1தான் வருகிறது. பெட்டியைக் கண்ணாடியாக்கிப் பக்கத்தோடு அழகாகக் கலக்கவிட்ட அதே நொடியில் படிவத்தின் குறிப்பு எழுத்துகள் தேர்வில் தோற்றுவிட்டன. எழுத்து நிறம் எழுதியிருக்கிறாய், பின்னணி நிறம் எழுதவில்லையே என்று வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பழைய சிஎஸ்எஸ் சரிபார்ப்பான் நச்சரித்துக்கொண்டே இருக்கும். அப்போது அதைத் திட்டியிருக்கிறேன்.

எண் ஒன்று, நிறம் வேறு

புடவைக்கு மேட்சிங் ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவர்கள் கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்வதில்லை. இரண்டையும் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பார்ப்பார்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்தது வெளியே வேறாகத் தெரியும் என்ற அனுபவம். திரையிலும் அப்படி ஒன்று நடக்கிறது, அதுவும் வீடியோவில்.

செக்கு வீடியோவின் தொடக்கத்தில் கடைப் பெயர் வரும் அட்டைக்குப் பக்கத்தின் அதே 251, 243, 228ஐக் கொடுத்திருந்தேன். எண் துல்லியமாக அதேதான். எம்பெட் செய்து பார்த்தால் அட்டையின் ஓரம் பக்கத்தில் கரையவில்லை, மெல்லிய கோடாகத் தெரிந்தது. காரணம், வீடியோ நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலமாகச் சேமிப்பதில்லை. ஒளி ஒன்றும் நிற வேறுபாடு இரண்டுமாகப் பிரித்துச் சேமிக்கிறது. ஒளியின் அளவும் பெரும்பாலும் 0 முதல் 255 வரை ஓடாமல் 16 முதல் 235 வரைக்குள் அடங்குகிறது. போகும்போது ஒரு தடவை முழு எண்ணாகத் திருத்தம், வரும்போது ஒரு தடவை. பிரிக்கும் சூத்திரத்திலும் பழைய தொலைக்காட்சிக்கு ஒன்று, எச்டிக்கு ஒன்று என்று இரண்டு வழக்கு. ஒன்றில் பிரித்து மற்றொன்றில் சேர்த்தால் நிறம் நகரும். இதில் ஒரு சுவாரசியம், சூத்திரம் மாறினாலும் வெள்ளை, கறுப்பு, சாம்பல் தப்பித்துவிடும். மஞ்சள் சாயல் உள்ள சந்தனம் போன்றவைதான் மாட்டிக்கொள்ளும். வெள்ளைப் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாமலே போய்விடும்.

படங்களிலும் சிறிய அளவில் இது உண்டு. படக் கோப்புக்குள் அகலமான நிறவெளிக்கான குறிப்பு இருந்தால் அதே எண்கள் இன்னும் அடர்த்தியாகத் தெரியும், சிஎஸ்எஸ்ஸில் எழுதும் எண்களோ எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, குறுகிய நிறவெளியின் கணக்கில் வருபவை. எண்களைக் கோடும் பட்டையுமாகக் காட்டும் சார்ட்டுகளில் சிக்கல் வேறு மாதிரி. சார்ட் வரையும் கருவிகளில் ஹைசார்ட்ஸ் தானாகவே வெள்ளை பூசிக்கொள்ளும், சார்ட்.ஜேஎஸ் எதுவும் பூசாமல் கண்ணாடியாக விடும். இரண்டாவதுதான் பக்கத்தோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதே சார்ட்டை ஜேபெக்காகச் சேமித்தால் கண்ணாடியாக இருந்த இடமெல்லாம் கறுப்பாக வரும். ஜேபெக்குக்கு ஊடுருவல் என்ற ஒன்றே தெரியாது.

சுவரைத் தொடாமல், மேலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பொருத்துகிற தந்திரம் ஒன்று உண்டு. எம்பெட்டுக்குக் கலப்பு முறையை 'மல்டிப்ளை' என்று வைப்பது. ஒவ்வொரு புள்ளியும் அடியில் உள்ள நிறத்தோடு பெருக்கப்படும். வெள்ளை என்பது கணக்கில் 1. ஒன்றால் பெருக்கினால் பக்கத்தின் நிறமே மிஞ்சும். ஐஃப்ரேமுக்குள் எட்டிப் பார்க்காமலே அதன் வெள்ளை முழுக்கச் சந்தனமாகிவிடும், கறுப்பு எழுத்து கறுப்பாகவே இருக்கும், அமுக்கினால் வேலையும் செய்யும். என் வரைபடத்துக்கு இதைத்தான் செய்தேன். பூங்காக்களின் பச்சையில் லேசாக மஞ்சள் ஏறியது, பழைய அச்சு வரைபடம் மாதிரி நன்றாகவே இருந்தது. ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. சுற்றியிருக்கும் உறையில் நகர்த்திச் சுழற்றும் டிரான்ஸ்ஃபார்ம் அல்லது மங்கலாக்கும் ஒப்பாசிட்டி போன்ற ஏதாவது இருந்தால் அது தனி அடுக்காகப் பிரிந்துவிடும். கலப்பு அந்த அடுக்குக்குள் மட்டும் நடக்கும், வெள்ளை அப்படியே நிற்கும். அரை மணி நேரம் இதில் போனது.

இருட்டுப் பக்கத்தில் பெருக்கல் உதவாது, எல்லாம் கரியாகிவிடும். அங்கே நிறத்தைத் தலைகீழாக்கி, வண்ணச் சக்கரத்தை 180 பாகை சுற்றும் ஃபில்டர் ஒன்றைப் பலர் வரைபடத்துக்குப் போடுகிறார்கள். முழுக்கத் தலைகீழாக்கினால் வெள்ளை முழுக் கறுப்பாகிவிடும். 90 சதவீதம் என்று வைத்தால் 25, 26 அளவில் ஒரு அடர் சாம்பல் கிடைக்கும், பெரும்பாலான டார்க் பக்கங்களுக்கு அது ஒத்துப்போகும். சாலைகள் தப்பிக்கும். நடுவில் புகைப்படம் வந்தால் பேய்ப் படம் ஆகிவிடும்.

படிவத்துக்கு வருவோம். அதைத் தந்த சேவையில் மேல்பட்டையின் நிறத்தை மாற்ற மட்டும் வழி இருந்தது. மல்டிப்ளை போட்டால் வெள்ளை மறைந்தது, ஆனால் எழுதும் கட்டங்களும் சேர்ந்து பக்கத்தில் கரைந்து, எங்கே எழுதுவது என்றே தெரியவில்லை. குறிப்பு எழுத்துகளின் மங்கலைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். கடைசியில் பொருத்தும் ஆசையை விட்டுவிட்டேன். வெள்ளையை வெள்ளையாகவே வைத்து, சுற்றிலும் ஓரளவு வெள்ளை இடம் விட்டு, மெல்லிய பழுப்புக் கோடு போட்டு, மேலே 'ஆர்டர் சீட்டு' என்று தலைப்பு வைத்தேன்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப நம்ம பில் புக்கு மாதிரியே இருக்கு" என்றார். மேலே வலது மூலையில் சிவப்பில் ஒரு சீட்டு எண் வேண்டும் என்றார். அது ஐஃப்ரேமுக்கு வெளியே, என் பக்கத்து எச்டிஎம்எல். போட்டுக் கொடுத்தேன்.